மிஞ்சும் பாலில் சூடான பன்னீர்ப் பலகாரம்

ஓசூரில் 1824-ஆம் ஆண்டிலேயே கால்நடைப் பண்ணை தொடங்கப்பட்டது. இன்றும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரச் சிறு விவசாயிகளுக்குக் கறவை மாடு கைகொடுத்து வருகிறது. சங்கத்திற்கு ஊற்றியது போக மிஞ்சும் பால் புளித்து வீணாகிவிடும். புளிக்குமுன் அதனைப் பன்னீராக்கினால், வரும் விருந்தினருக்குச் சூடான பலகாரம் தயார்.

செய்முறை: ஒரு லிட்டர் பாலைக் கொதிக்கவைத்து இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும். 2 கிராம் சிட்ரிக் அமிலத்தை 200 மில்லி வெந்நீரில் கரைத்து, சிறிது சிறிதாக ஊற்றி மெதுவாகக் கிளற வேண்டும். இளம்பச்சைத் தெளிநீர் பிரிந்தவுடன் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும். அமிலம் மிகுந்தால் பன்னீர் புளிக்கும். திரிந்ததைத் துணியில் வடித்து, 20 நிமிடம் கனமான கல்லை ஏற்றி, பின் குளிர்ந்த நீரில் போட வேண்டும். எருமைப் பாலில் சுமார் 200 கிராம் கிடைக்கும். பசும்பாலில் சற்றுக் குறையும்.

துண்டுகளில் உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு தடவி, எண்ணெய் தேய்த்த தோசைக்கல்லில் பொன்னிறமாகச் சுட வேண்டும். அமிலத்தால் திரிந்ததாகையால் பன்னீர் உருகி ஓடாது. ஆறினால் விறைக்கும், சூடாகவே பரிமாறுக. வடித்த நீரில் சப்பாத்தி மாவு பிசையலாம்.

கவனிக்க: மடிநோய்க்கு மருந்து செலுத்திய மாட்டின் பாலை, கால்நடை மருத்துவர் குறிப்பிட்ட நாள் கழியும்வரை சேர்க்கக் கூடாது. கொதிக்கவைப்பதால் மருந்து முழுவதும் நீங்கிவிடாது.