ஒளியின் கதை – 14: கண்ணை ஏமாற்றும் பச்சை

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், பொழுது சாய்ந்த பிறகும் குற்றாலத்தில் கடைகள் அடைவதில்லை. நேந்திரம் சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புட்டான், துண்டு, பொம்மை என்று நீளும் சீசன் கடைகளில் பேனா வடிவ லேசர் லைட்டும் தொங்கும். வாங்கிய கையோடு பிள்ளைகள் அதை மலைப்பக்கம் அடித்துப் பார்ப்பார்கள். தென்காசி வீட்டுச் சுவரில் வெறும் புள்ளியாகத் தெரிகிற அதே ஒளி, இங்கே காற்றில் கம்பி இழுத்தாற்போல் நீளும். மிதக்கும் நுண்துளிகள் ஒளியில் ஒரு பகுதியைச் சிதறடித்துப் பார்ப்பவர் கண்ணுக்கு அனுப்புகின்றன, அவ்வளவுதான். லேசரின் திறனில் மாற்றமே இல்லை.

கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதை வைத்து லேசரின் ஆபத்தை அளக்க முடியாது. அதனால்தான் அதற்கு வகுப்புகள் பிரித்தார்கள். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60825 தரத்தையொட்டி இந்தியாவில் ஐ.எஸ். 14624 இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1 மில்லிவாட் வரை வகுப்பு 2. 5 மில்லிவாட் வரை 3ஆர். 500 மில்லிவாட் வரை 3பி. அதற்கு மேல் வகுப்பு 4. அது சுவரில் பட்டுச் சிதறி வந்தாலும் கண்ணைக் கெடுக்கும், தோலைச் சுடும், தீப்பிடிக்க வைக்கும்.

1 மில்லிவாட் என்பது சிறு டார்ச் பல்பின் வெளிச்சத்தோடு ஒப்பிட்டாலும் அற்பம். ஆனால் டார்ச் ஒளி விரிந்து பரவும்; லேசர் ஒரே கற்றையாக வரும். கண்ணின் லென்ஸ் அதை விழித்திரையில் மயிரிழையைவிட மெல்லிய புள்ளியாகக் குவித்துவிடுகிறது. குவியும்போது அதன் செறிவு ஏறத்தாழ லட்சம் மடங்கு ஏறும். நேராகச் சூரியனைப் பார்க்கும்போது அந்த இடத்தில் விழும் செறிவையும் அது மிஞ்சக்கூடும்.

வகுப்பு 2 பாதுகாப்பானது என்று வைத்தது ஒரு நம்பிக்கையின் பேரில்: கூசும் ஒளி பட்டால் மனிதர் கால் நொடிக்குள் இமை மூடுவார் அல்லது முகம் திருப்புவார். ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆய்வாளர் ரைடன்பாக்கின் குழுவினர் தன்னார்வலர்களை வைத்துச் சோதித்தபோது, லேசர் பட்டதும் இமைத்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. பெரியவர்களே இப்படியென்றால், யார் அதிக நேரம் உற்றுப் பார்ப்பது என்று பந்தயம் கட்டும் பிள்ளைகளை என்ன சொல்வது!

சிவப்பு லேசருக்குள் இருப்பது ஒரு டயோடு மட்டுமே. பச்சையின் கதை வேறு. அதற்குள் இருக்கும் டயோடு முதலில் 808 நானோமீட்டர் அகச்சிவப்பைத் தருகிறது. நியோடிமியம் கலந்த படிகம் அதை வாங்கி 1064 நானோமீட்டராக வெளியிடுகிறது, அதுவும் அகச்சிவப்பே. இரண்டாவது படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்க, 532 நானோமீட்டரில் பச்சை பிறக்கிறது. மிச்சமாகும் அகச்சிவப்பைத் தடுக்க முனையில் ஒரு வடிகட்டி வேண்டும். மலிவான லேசர்களில் பலசமயம் அது இருப்பதில்லை.

அமெரிக்காவின் தேசியத் தர ஆய்வகம் 2010இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை அம்பலப்படுத்தியது. 15 டாலருக்கு வாங்கிய 10 மில்லிவாட் பச்சை லேசர் ஒன்று மங்கலாக எரிந்தது. அளந்து பார்த்தால் அதிலிருந்து ஏறத்தாழ 20 மில்லிவாட் அகச்சிவப்பு வந்துகொண்டிருந்தது. அந்த ஒளிக்குக் கண் கூசாது, இமையும் மூடாது. அதே ஆய்வகம் 2013இல் 122 லேசர்களைச் சோதித்தபோது பச்சையில் 90 விழுக்காடும் சிவப்பில் 44 விழுக்காடும் விதிகளை மீறியிருந்தன. கையடக்க லேசருக்கு அங்கே உச்சவரம்பு 5 மில்லிவாட். லேபிளில் எழுதியதை அப்படியே நம்ப முடியாது. லேபிளே இல்லாததை வாங்கவே கூடாது.

நீலம் இன்னும் கொடியது. 450 நானோமீட்டர் நீலம் நம் கண்ணுக்குப் பச்சையைவிட இருபது மடங்குக்கும் மேல் மங்கலாகத் தெரியும். ஆனால் கையடக்க நீல லேசர்களில் 1000 மில்லிவாட்டும் கிடைக்கிறது. ரியாத் கண் மருத்துவர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய நீல லேசரால் பார்வை கெட்ட 14 பேரில் சிலருக்கு விழித்திரையின் மையத்தில் ஓட்டையே விழுந்திருந்தது.

தொலைவு போனால் ஆபத்து தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. 2025 மே மாதம் துபாயிலிருந்து வந்த பயணிகள் விமானம் சென்னையில் இறங்கும் நேரத்தில், பரங்கிமலைப் பக்கமிருந்து யாரோ லேசர் அடித்தார்கள். அவ்வளவு உயரத்தில் விழித்திரை சுடாமல் போகலாம். ஆனால் இறங்கும் நொடிகளில் விமானியின் கண் கூசுவதே போதும். இத்தகைய ஆபத்தைத் தடுக்கவே ஆஸ்திரேலியாவில் 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட கையடக்க லேசரை அனுமதியின்றி இறக்குமதி செய்ய முடியாது.

விண்மீன் காட்டும் அறிவியல் ஆசிரியருக்கு இருண்ட வானில் 5 மில்லிவாட் பச்சையே தாராளம். பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானாக எந்த லேசரும் வேண்டாம்.

விழித்திரைக்கு வலி தெரியாது. கண்ணில் லேசர் பட்ட பிள்ளை அழாமலே இருக்கலாம். பிறகு எழுத்து கோணலாகத் தெரிகிறது, நடுவில் கரும்புள்ளி மறைக்கிறது என்று சொன்னால் தாமதிக்கக் கூடாது. தென்காசிக்காரர்களுக்குத் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனை ஒரு பேருந்துப் பயணம். ஓ.சி.டி. ஸ்கேனில் விழித்திரையின் அடுக்குகளைத் தனித்தனியே பார்த்துவிடலாம். லேசரின் நிறம், லேபிளில் இருந்த எண், பட்ட தூரம், நேரம் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த லேசரையே கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது.

(தொடரும்)