ஃபோல்டரே இல்லாமல் ஃபைல்களை அடுக்க முடியுமா? ‘லேபிள்’ முறை எப்படி வேலை செய்கிறது?

வீட்டுக் கடன் ரசீதை ‘வங்கி’ ஃபோல்டரில் வைப்பதா, ‘வருமான வரி’ ஃபோல்டரில் வைப்பதா? இரண்டிலும் காப்பி போட்டு வைத்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்றது பழசாகவே கிடக்கும். கடைசி நேரத்தில் எது சரியானது என்று தேடு தேடுன்னு தேட வேண்டியதுதான்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற இந்தக் கிளை அமைப்பு 1960களில் மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காக உருவானது. பீரோ போலத்தான்: ஒரு பொருளுக்கு ஒரு இடம்.

இதற்கு மாற்று என்ன?

பொருளை இடம் மாற்றாமல், அதன்மேல் எத்தனை சீட்டு வேண்டுமானாலும் ஒட்டுவது. 1990களில் வந்த பீ ஓ.எஸ். இதைச் செய்து காட்டியது. அதில் ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல். அனுப்பியவர், தலைப்பு எல்லாம் அந்த ஃபைலோடு ஒட்டியிருக்கும். ‘இவரிடமிருந்து வந்தவை’ என்று கேட்டால் போதும், பட்டியல் வந்து நிற்கும். மைக்ரோசாப்ட்டும் வின்எஃப்எஸ் என்ற பெயரில் 2003-ல் இப்படியொன்றை அறிவித்தது, 2006-ல் கைவிட்டது.

பலரும் தெரியாமலே பயன்படுத்தும் உதாரணம் ஜிமெயில். அங்கே மெயில் இருப்பது ஒரே ஒரு பிரதிதான். இன்பாக்ஸ்கூட ஒரு லேபிள்தான்! ‘ஆர்க்கைவ்’ கொடுத்தால் அந்த லேபிள் மட்டும் உரியும், மெயில் ‘ஆல் மெயில்’ பகுதியில் பத்திரமாக இருக்கும்.

சிக்கலும் இங்கேதான். ‘வங்கி’ லேபிளுக்குள் போய் ஒரு மெயிலை டெலிட் செய்தால், ‘வருமான வரி’யிலிருந்தும் அது போய்விடும். ட்ராஷில் 30 நாள் கிடந்து, பிறகு நிரந்தரமாக அழிந்துவிடும். அங்கிருந்து எடுக்க மட்டும் நினைத்தால், டெலிட் வேண்டாம். லேபிளை மட்டும் நீக்குங்கள்.

அப்போ ஏன் ஃபோல்டர் இன்னும் ஒழியவில்லை?

சீட்டு ஒட்டுவது யார் என்பதுதான் கேள்வி. மெயிலில் அனுப்பியவர், தேதி எல்லாம் தானாகவே வந்துவிடும். போனில் எடுத்த ரசீது போட்டோவுக்குத் தேதி தானாக வந்தாலும், அது எதற்கான ரசீது என்ற சீட்டை நாம்தான் ஒட்டியாக வேண்டும். பத்து ஃபைலுக்குச் செய்யலாம், பத்தாயிரத்துக்கு? ஃபோல்டரில் பெயர் மறந்தாலும், ‘அந்தப் பக்கம் வைத்தோமே’ என்று போய்ப் பார்க்கலாம்.

கூகுள் டிரைவில் ஒரு ஃபைலைப் பல ஃபோல்டர்களில் வைக்கும் வசதி முன்பு இருந்தது. 2020-ல் அதை நிறுத்திவிட்டு, ‘ஷார்ட்கட்’ முறைக்கு மாறினார்கள். இப்போது ஷார்ட்கட்டை அழித்தால் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. அசலை அழித்தால் ஷார்ட்கட் இருந்தும் பயனில்லை.