முதுமையும் கொள்ளைநோய்க் கணக்கும்

கொள்ளைநோய் ஒன்று வந்து போனபின், "அதனால் மாண்டவர் எத்தனை பேர்?" என்று உலகம் கேட்கிறது. எண்ணிச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அது அத்துணை எளிதன்று. நம் கொல்லிமலை போன்ற இடங்களில் முதியோர் பலர் வீட்டிலேயே கண்மூடுகின்றனர். மரணத்தின் காரணத்தை எழுத அருகில் மருத்துவர் இருப்பதில்லை. ஆகவே அறிஞர்கள் வேறொரு வழியைக் கையாளுகின்றனர். நோய் வராதிருந்தால் அவ்வாண்டில் எத்தனை பேர் இறந்திருப்பர் என்று மதிப்பிட்டு, அதை உண்மையில் இறந்தோர் தொகையிலிருந்து கழிக்கின்றனர். மீதியே 'மிகை இறப்பு'.

இங்கேதான் முதுமை குறுக்கிடுகிறது. சிறு கணக்கு ஒன்று போடுவோம். மலையூர்கள் சிலவற்றில் ஐந்தாண்டுகளில் முறையே 40, 42, 44, 46, 48 பேர் இறந்ததாக வைத்துக்கொள்வோம். புதிய நோய் எதுவுமில்லை. முதியோர் தொகை ஆண்டுதோறும் கூடியதே காரணம். ஆறாம் ஆண்டில் கொள்ளைநோய் பரவி 60 பேர் இறந்தனர். ஐந்தாண்டுச் சராசரியாகிய 44-ஐக் கழித்தால் மிகை 16. ஆனால் நோய் வராவிடினும் அவ்வாண்டு 50 பேர் இறந்திருப்பர் அல்லவா? எனவே சரியான மிகை 10. மற்ற ஆறும் முதுமையின் கணக்கு.

ஊர்களை ஒப்பிடும்போதும் இவ்விழிப்பு வேண்டும். 1918-ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சா இளம் வயதினரைப் பெருமளவில் வாரிச் சென்றது. 2020-இல் பரவிய கொரோனாவோ முதியோரையே மிகுதியாகத் தாக்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 60 வயதைக் கடந்தோர் இந்தியாவில் நூற்றுக்கு 8.6, தமிழ்நாட்டில் 10.4. முதியோர் மிகுந்த மாநிலத்தில் கொரோனா மரணம் கூடுதலாயின், மருத்துவம் குறைவு என்று உடனே முடிவு கட்டலாகாது. வயதுவாரியாகப் பிரித்து ஒப்பிடுவதே முறை.

2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் இந்தியாவில் மிகை இறப்பு சுமார் 47 லட்சம் என உலக சுகாதார நிறுவனம் 2022-இல் மதிப்பிட்டது. அரசு அறிவித்த கொரோனா மரணங்களோ 5 லட்சத்திற்கும் குறைவு. மதிப்பீட்டு முறை சரியன்று என அரசு மறுத்தது. எம்முறையாயினும், இறப்புப் பதிவு முழுமையாக இருந்தாலன்றி ஐயம் தீராது.

மாணவியரே, 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். "வயதானவர்தானே, போய்ச் சேர்ந்தார்" என்று விட்டுவிடாமல், வீட்டாருக்கு இதனை எடுத்துச் சொல்லுங்கள். வயதையும் சரியாக எழுதச் செய்யுங்கள். இறைவன் முன் ஒவ்வோர் உயிரும் அருமையானது. நம் பாட்டியும் தாத்தாவும் நாட்டின் கணக்கிலும் விடுபடலாகாது.