நிழற்படங்களுக்குக் குறிச்சொல் இடுதல்

கொல்கத்தா நகரின் கிழக்கெல்லையில் ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்பில் ஈரநிலம் ஒன்று விரிந்து கிடக்கிறது. நகரத்துக் கழிவுநீர் வாய்க்கால்களின் வழியே அங்குள்ள ஆழமற்ற குளங்களை அடைகிறது. வெயிலாலும் பாசியாலும் தூய்மை பெற்று, மீன்களுக்கு இரையளித்து, பின்னர் வயல்களுக்குப் பாய்கிறது. இவ்வேற்பாட்டின் சிறப்பை உலகறியச் செய்தவருள் முதன்மையானவர் பொறியியலாளர் துருவஜோதி கோஷ் (1947–2018) ஆவார். 2002 ஆகஸ்டு 19-ஆம் நாள் இவ்விடம் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2006-இல் இதனைக் காக்கத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

இத்தகைய இடத்தில் எடுக்கப்படும் நிழற்படம் வெறும் காட்சிப் பொருளன்று. ஒரு குளம் எந்த ஆண்டு வரை நீர் நிறைந்திருந்தது, எந்த ஆண்டில் மண் கொட்டி மேடாக்கப்பட்டது என்பதற்கு அப்படமே சான்றாகலாம். ஆயின், பல்லாயிரம் படங்களுக்கிடையே வேண்டிய வேளையில் அகப்படாத சான்று இல்லாத சான்றுக்கு ஒப்பேயாகும். எனவேதான், படத்துடன் இணைத்து எழுதப்படும் குறிச்சொற்கள் இன்றியமையாதவை ஆகின்றன.

ஒரே குளத்தை மூவர் படமெடுத்ததாகக் கொள்வோம். ஒருவர் ‘குளம்’ என்றும், மற்றொருவர் ‘ஏரிகள்’ என்றும், வங்காளம் அறிந்த மூன்றாமவர் ‘பேரி’ என்றும் குறிக்கின்றனர். (வங்காளத்தில் இச்சொல் முரசைக் குறிப்பதன்று, மீன் வளர்க்கும் குளத்திற்கு அங்குள்ள பெயர்.) மூவரும் பிழை செய்யவில்லை. எனினும், பின்னாளில் ஒரு சொல்லைக் கொண்டு தேடுபவருக்கு மூன்றில் ஒரு பங்கே கிட்டும். எஞ்சியவை உள்ளன என்ற ஐயம்கூட அவருக்கு எழாது. தீங்கு முழுவதும் இங்குதான் உள்ளது.

ஊர்ப்பெயர்களும் இவ்வாறே இடர் தருவன. கல்கத்தா என்னும் பெயர் 2001-இல் கொல்கத்தா என மாற்றப்பட்டது. சால்ட் லேக் எனப்படும் பகுதிக்கே பிதான்நகர் என்றும் பெயர். செடிகொடிகளின் வழக்குப் பெயர்களோ இன்னும் மயக்கம் தருவன. தமிழில் ‘ஆகாயத்தாமரை’ என்னும் சொல் பிஸ்டியா என்ற மிதவைச் செடியையும், வங்காளத்தார் கொச்சூரிபானா என்றழைக்கும் ஊதாப்பூச் செடியையும் குறிக்க ஆளப்படுகிறது. விஞ்ஞானப் பெயரை எழுதினால் இக்குழப்பம் நீங்கும். ஆயினும் அதுவும் என்றும் மாறாததன்று. பின்னதன் பெயர் நெடுங்காலம் ஐக்கோர்னியா கிராசிப்பிஸ் என்றிருந்து, 2018-இல் பான்டிடீரியா கிராசிப்பிஸ் என மாற்றப்பட்டது.

இதற்குரிய பரிகாரம் நூலகத்தார் நெடுநாளாகக் கையாண்டு வருவதேயாம். ஒரு பொருளுக்கு ஒரு சொல்லைத் தேர்ந்து நிலைப்படுத்துவர். ஏனைய சொற்களை நீக்கிவிடாமல், ‘பேரி — மீன்குளம் காண்க’ என்பது போன்ற வழிகாட்டிகளாக வைத்துக்கொள்வர். ஒருமையா பன்மையா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்வர். இப்பட்டியல் ஒருவர் பொறுப்பில் இருத்தல் நலம். பலர் தத்தம் விருப்பப்படி சொற்களைச் சேர்த்தால் ஓராண்டிற்குள் பட்டியல் பயனற்றுப் போகும்.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் ஒவ்வொரு நூற்பொருளையும் பல முகங்களாகப் பிரித்துக் காணும் வழியை வகுத்தார். பின்னர் முதன்மைப் பொருள், மூலப்பொருள், செயல், இடம், காலம் என ஐந்து அடிப்படைகளையும் நிறுவினார். நூல்களுக்காக எழுந்த இம்முறை நிழற்படத்திற்கும் வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. வலை இழுக்கும் மீனவரின் படத்திற்கு ‘மீனவர், வலை, மீன்பிடித்தல், கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம், 2024 சனவரி’ என எழுதினால், எவ்வினாவோடு வருபவருக்கும் ஒரு வாயில் திறந்திருக்கும். ‘அழகு’, ‘இனிய காலை’ முதலிய சொற்களை விட்டுவிடலாம். அவற்றைக் கொண்டு தேடுவார் அரியர். கண்ணுக்குத் தெரியாததை ஊகித்து எழுதுவதும் தகாது. பறவையின் இனம் தெளிவாகாவிடில் ‘கொக்கு’ என்ற அளவில் நிறுத்துவதே நேர்மை.

எண்ணும் சொல்லும் சேர்ந்து நின்றால் எவ்வளவு பயனுண்டு என்பதற்குக் கொல்கத்தாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1863-இல் இந்தியாவிற்கு வந்த சாமுவேல் போர்ன் தம் கண்ணாடி நெகட்டிவ்களில் பெயரையும் எண்ணையும் பொறித்தார். போர்ன் அண்டு ஷெப்பர்டு நிலையம் அவ்வெண்களுக்குரிய விவரங்களை அட்டவணையாக அச்சிட்டது. 1991-இல் அந்நிலையத்தின் கொல்கத்தாக் கட்டடம் தீப்பற்றியபோது சேமிப்பின் பெரும்பகுதி அழிந்தது. 2016-இல் நிலையமும் மூடப்பட்டது. எனினும், உலகின் பல நூலகங்களில் தங்கியுள்ள படிகளை இன்றும் இன்ன ஊரின் இன்ன காட்சி என அடையாளம் காண அவ்வெண்கள் துணை செய்கின்றன.

டிஜிட்டல் படத்தில் நாள், நேரம், காமிராவின் விவரம் ஆகியவை தாமே பதிவாகின்றன. ஆனால் காமிராவின் கடிகாரம் பிழைபட்டிருப்பின் நூறு படங்களும் பிழையான நாளைத் தாங்கும். களத்திற்குப் புறப்படுமுன் அதைச் சரிபார்த்தல் வேண்டும். குறிச்சொற்களைத் தனி நோட்டில் மட்டும் எழுதாது, படக்கோப்பினுள்ளேயே பதித்தல் நன்று. 1965-இல் தோன்றிய பன்னாட்டுச் செய்தித் தொடர்பு மன்றம் இதற்கெனக் கட்டங்களை வரையறுத்துள்ளது. வாட்ஸ்அப் முதலிய செயலிகள் வழியே சாதாரணப் படமாக அனுப்பினால் இவ்விவரங்கள் உதிர்ந்துபோகும். கோப்பாக அனுப்பினால் தங்கும்.

தமிழில் தட்டச்சு செய்வோர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்றும் உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தை யூனிகோட் முறையில் ஒரே உயிர்க்குறியாகவும் பதியலாம்; ஒற்றைக் கொம்பு, கால் என இரு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒன்றாக்கிக் கொள்ளாத தேடுகருவிக்கோ வெவ்வேறாம். ‘கொல்கத்தா’ என்று தேடியும் கொல்கத்தாப் படம் கிட்டாமைக்கு இதுவும் காரணமாகலாம். ஆதலின், குறிச்சொற்களை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தட்டாமல், ஒப்புக்கொண்ட பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டுவதே பாதுகாப்பானது.

பள்ளிகளில் உள்ள பழைய படங்களை ஸ்கேன் செய்யும்போது பின்புறத்தையும் சேர்த்தே செய்தல் வேண்டும். ஊரும் நாளும் பெரும்பாலும் அங்கேதான் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும்.