ஆசிரியரும் கணிப்பொறியும்

ஆசிரியர்களுக்குக் கணிப்பொறிப் பயிற்சி என்றதும், எத்தனை பள்ளிகளுக்குக் கருவி வந்தது என்றே பெரும்பாலோர் கேட்கின்றனர். பெரு நாட்டில் இக்கணக்குக்குக் குறைவில்லை. பல லட்சம் மடிக்கணினிகள் மாணவர் கையில் வழங்கப்பெற்றன. ஆயினும் 319 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட அறிக்கை, கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று காணவில்லை. கருவியைக் கொண்டு எதை எப்படிக் கற்பிப்பது என்னும் அறிவு உடன் செல்லாதபோது வேறென்ன நேரும்?

அவ்வறிவு எங்கே தொடங்க வேண்டும் என்பதைத் தமிழாசிரியர் படும் ஒரு தொல்லையைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். இரவெல்லாம் கண்விழித்து ஒருவர் வினாத்தாளைத் தட்டச்சுச் செய்து அயலூர் நண்பருக்கு அனுப்புகிறார். அங்கே திறந்து பார்த்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குழம்பிக் கிடக்கின்றன! காரணம் எளியது. கணிப்பொறி எழுத்தை எண்ணாகவே அறியும். பழைய எழுத்துருக்கள் பல, ஆங்கிலத்துக்குரிய எண்களையே தமிழுக்கு இரவல் வாங்கிக்கொண்டன. அவ்வெழுத்துரு இல்லாத இடத்தில் அந்த எண் ஆங்கிலமாகவே தோன்றும். ஒருங்குறியிலோ தமிழுக்கெனத் தனி எண்கள் உள. தமிழக அரசு 2010இல் அதனை ஏற்றது. அம்முறையில் எழுதியதை எக்கருவியிலும் படிக்கலாம். அதில் ஒரு சொல்லைத் தேடி எடுக்கவும் செய்யலாம்.

தட்டச்சும் அச்சத்துக்குரியதன்று. 1999ஆம் ஆண்டுத் தமிழிணைய மாநாட்டின் பயனாய் வந்த தமிழ்99 விசைப்பலகையில் 12 உயிரெழுத்துகளும் இடக்கைப் பக்கம். மெய்களிற் பெரும்பாலன வலக்கைப் பக்கம். 'அம்மா' என்றெழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். புள்ளி தானே அமையும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாகும் இலக்கணத்தை நாள்தோறும் கற்பிப்பவருக்கு இதனினும் இயல்பான விசைப்பலகை ஏது?

ஆனால் பயிற்சி வகுப்புகளில் நான் பலமுறை கண்டது வேறு. ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசுவார், ஆசிரியர்கள் குறிப்பெடுப்பர், மாலையில் சான்றிதழ் பெற்றுச் செல்வர். விசையை ஒருவரும் தொட்டிரார். பதிவேட்டு விவரங்களைக் கைப்பேசியில் ஏற்றப் பழக்குவதே பயிற்சி எனக் கருதுவாரும் உளர். அது எழுத்தர் வேலை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியருக்கு ஆண்டுதோறும் 50 மணி நேரத் தொழிற்பயிற்சி வேண்டும் என்கிறது. அதில் முதற் பத்து மணி நேரத்தையேனும் தம் பாடத்தைத் தாமே எழுதிச் சேமித்து, பிறர்க்கு அனுப்பித் திருத்தம் பெறுவதற்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

எஞ்சிய நேரத்துக்கும் வேலை உண்டு. தமிழகப் பாடநூல்களில் 2018 முதல் விரைவுக் குறியீடுகள் அச்சாகி வருகின்றன. கைப்பேசியை அதன்மேல் காட்டினால் பாடத்துக்குரிய காட்சி விரியும். அதை முற்றும் ஓடவிட்டு ஒதுங்கி நிற்பது எவர்க்கும் கைவரும். இதயம் சுருங்கி விரியும் காட்சியை இடையில் நிறுத்தி, "இனிக் குருதி எவ்வழிச் செல்லும்?" என்று கேட்டு, கடைசி வரிசைச் சிறுவன் விடை சொல்லும்வரை காத்திருப்பதற்கே பயிற்சி வேண்டும்.