பழைய ஃபிலிம் கேமராவில் பழுதாவது எது?

பழைய ஃபிலிம் கேமரா கெட்டுவிட்டது என்று ஒதுக்கப்படும்போது, பெரும்பாலும் அதில் எதுவும் உடைந்திருப்பதில்லை. எண்ணெய் வற்றியோ, நுரைப்பஞ்சு உளுத்தோ, பேட்டரி தீர்ந்தோ போயிருக்கும். 1976-இல் வெளிவந்த கேனான் ஏஇ-1 கேமராவில், குறித்த நேரம் மட்டும் ஃபிலிமின் மீது ஒளியை விழவிடும் திரையாகிய ஷட்டர் மின்சாரத்தால் கட்டுப்படுத்தப்படுவதால், 6 வோல்ட் பேட்டரி இல்லாமல் அது இயங்காது. அதே ஆண்டில் வந்த பென்டாக்ஸ் கே1000-இல் ஒளிமானிக்கு மட்டுமே பேட்டரி தேவை. ஷட்டர் சுருள்வில்லாலும் பற்சக்கரங்களாலும் ஓடுகிறது. எனவே ஏஇ-1 அசையாமல் நின்றால், திருப்புளியைத் தேடுவதற்கு முன் புதிய பேட்டரியைப் போட்டுப் பார்ப்பதே முறை.

ஏஇ-1-இல் படமெடுக்கும்போது எழும் கீச்சொலியை ஷட்டரின் கோளாறு என்று பலரும் எண்ணுகின்றனர். உள்ளிருக்கும் கண்ணாடியின் வேகத்தைத் தணிக்கும் சிறு பற்சக்கரத் தொகுதியில் எண்ணெய் உலர்ந்துபோவதே அதற்குக் காரணம். ஊசிமுனையில் எடுத்த ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் சரியான இடத்தில் பட்டால் ஒலி அடங்கும். அளவு மிஞ்சினால் எண்ணெய் ஷட்டர் துணிவரை பரவி, சிறு குறையைப் பெரும் பழுதாக்கிவிடும்.

பின்கதவின் ஓரங்களில் ஒளி புகாதபடி ஒட்டப்பட்ட நுரைப்பஞ்சு, பல ஆண்டுகளில் தார்போலப் பிசுபிசுத்து உதிர்வதால், ஃபிலிமில் செந்நிறக் கீற்றுகள் விழுகின்றன. பழைய பஞ்சை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மூங்கில் குச்சியால் சுரண்டி, புதியதை வெட்டி ஒட்டுவது பொறுமையுள்ள எவரும் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. கண்ணாடியின் மேலுள்ள பஞ்சு உதிர்ந்திருந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: அக்கண்ணாடியின் பூச்சு முன்புறத்திலேயே இருப்பதால், துணியால் அழுத்தித் துடைத்தாலே கீறல் விழும்.

ஃபிளாஷ் உள்ளடங்கிய சிறிய கேமராக்களைப் பழக்கமில்லாதவர் திறக்கவே கூடாது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அவற்றின் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.

ஏஇ-1-இன் மின்சுற்றே கெட்டுவிட்டால் நிலைமை வேறு. அதற்குரிய புதிய உறுப்புகள் இப்போது தயாரிக்கப்படுவதில்லை என்பதால், பழுதுபார்ப்போர் வேறு காரணத்தால் பயனற்றுப்போன இன்னொரு ஏஇ-1-ஐ வாங்கி, அதிலிருந்து தேவையான பகுதியைக் கழற்றிப் பொருத்துகின்றனர்.