மின்னுவதெல்லாம் ஒட்டாது!

அச்சிட்ட படத்தாளை வெட்டி, மடித்து, ஒட்டி, விண்கலம், ரயில் என்று மாதிரிகள் செய்வது உங்களில் பலருக்குப் பிடிக்கும், இல்லையா? அதில் பளபளப்பான பாகம் வந்தால் எந்தத் தாளை வாங்குவீர்கள்? நன்றாக மின்னுவதைத்தானே? நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. அந்த ஆண்டு என் வகுப்புப் பிள்ளைகள் கண்காட்சிக்காக அதன் மாதிரியைச் செய்தார்கள். கடையிலேயே அதிகம் மின்னிய தங்க நிறத் தாளை வாங்கிக் கொடுத்தவன் நான். மாலையில் அட்டைப் பெட்டி மீது ஒட்டினோம். காலையில் பார்த்தால், ஓரங்கள் எல்லாம் பிரிந்து நிமிர்ந்து நின்றன! பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கோ பேச்சே வரவில்லை.

அப்போது ஒரு மாணவி தன் பழைய நோட்டை எடுத்தாள். பக்கத்துக்குப் பக்கம் தங்க நிறச் சாக்லேட் தாள்கள்! ஆசையாகச் சேர்த்து வைத்தவை. "இதை ஒட்டலாமா சார்?" என்றாள். ஒட்டினோம். சுருக்கம் சுருக்கமாக இருந்த அந்தத் தாள், நான் வாங்கியதைவிட நிஜ விண்கலம் போலவே இருந்தது!

காரணம் என்ன?

வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. அதைக் காகிதம் உறிஞ்சினால்தான் பசை காய்ந்து பிடிக்கும். என் தாளின் மேல் பிளாஸ்டிக் பூச்சு, அது உறிஞ்சாது. மடித்தாலும் நிமிர்ந்துகொள்ளும். சாக்லேட் தாளோ மெல்லிய அலுமினியம். மடித்தால் மடித்தபடி கிடக்கும்.

நிஜ விண்கலத்தில் மின்னுவதும் தங்கம் அல்ல. தேன் நிறப் பிளாஸ்டிக் படலத்தின் பின்புறம் அலுமினியம் பூசியிருப்பார்கள். வெள்ளி நிறம் அந்தப் படலத்தின் வழியே தங்கமாகத் தெரிகிறது. இப்படிப் பல அடுக்குகள், கலத்துக்குப் போர்வை போல. வெயிலின் சூடு உள்ளே போகாமலும், உள்ளே இருக்கும் கதகதப்பு வெளியே போகாமலும் அது காக்கிறது. போர்வை என்றால் சுருக்கம் இருக்கும்தானே?

வாங்கும் முன் நான்கு சோதனை

முதலில் ஒரே ஒரு தாள் வாங்குங்கள்.

1. கிழித்துப் பாருங்கள். ஓரத்தில் கண்ணாடி போல ஒரு படலம் இழுபட்டால் அது பிளாஸ்டிக் பூச்சு.

2. மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால், கூர்மையான மூலைகளுக்கு அது ஆகாது.

3. பளபளப்புப் பக்கத்தின் மேல் ஒரு துண்டை ஒட்டி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் முடிவு செய்யாதீர்கள். எங்கள் தாளும் மாலையில் நன்றாகத்தான் ஒட்டியிருந்தது!

4. ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, சிறிது நேரம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். ஈஷினால், இங்க்ஜெட் அச்சின் மையும் அதில் நிற்பது கடினம்.

லேசர் அச்சு இயந்திரம் சூட்டினால் மையைப் பதிக்கிறது. பிளாஸ்டிக் பூச்சுத் தாள் உள்ளே சுருங்கி ஒட்டிக்கொள்ளலாம். ஆகவே கடைக்காரரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அழைப்பிதழ்களில் வருமே, முத்துப் போன்ற மங்கிய மினுமினுப்புத் தாள்? அது மடிக்கவும் ஒட்டவும் எளிது. பளபளப்புதான் கொஞ்சம் குறைவு.

சுலபமான வழி

படத்தைச் சாதாரணத் தாளில் அச்சிடுங்கள். அதைப் பளபளப்புத் தாள் மேல் வைத்து, மூலைகளில் குண்டூசியால் குத்திக்கொண்டு வெட்டுங்கள். ஜெராக்ஸ் எடுக்கும் தாள் 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். இருக்கும். அதாவது, ஒரு சதுர மீட்டர் தாளின் எடை அத்தனை கிராம். பெட்டி வடிவங்களுக்கு 160 முதல் 200 வரை உள்ள வெள்ளை அட்டையில் உடலைச் செய்து, மேலே மெல்லிய பளபளப்புத் தாளை ஒட்டுங்கள். பூச்சுள்ள தாளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், பசை தடவும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள்.

தங்க நிறத் தாள் கிடைக்கவில்லையா? வெள்ளி நிறத் தாளின் மேல் மஞ்சள் கண்ணாடித் தாளை விரித்துப் பாருங்கள். விண்கலத்தின் ரகசியம் உங்கள் மேசையிலேயே!

இரண்டு எச்சரிக்கை: பிளேடு வேலைக்குப் பெரியவர்கள் துணை வேண்டும். மாதிரிக்குள் பேட்டரி, பல்பு வைத்தால் வெறும் கம்பி அலுமினியத் தாளில் படக்கூடாது. அதில் மின்சாரம் பாயும்.

மங்கள்யானுடன் இருந்த தொடர்பு 2022-ல் அறுந்துவிட்டது. ஆனால் எங்கள் சாக்லேட் தாள் மங்கள்யானின் ஓரம்கூடப் பிரியவில்லை. நான் ஓய்வு பெற்ற நாளில் பிள்ளைகள் அதைத்தான் எனக்குப் பரிசாகக் கொடுத்தார்கள்!